அஞ்சலட்டையில் அடங்கிய பூட்டு

புனேயில் கோர்படி ரயில்வே காலனிக்கு எதிரில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருந்தது. பலகையில் வகுப்பு என்று எழுதியிருந்தாலும் அடுப்பெரிந்தது ஜாப் டைப்பிங்கால்தான். விடுப்பு விண்ணப்பம், பென்ஷன் மனு, கல்யாண பயோடேட்டா, கல்லூரிப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரை, எல்லாம் வரும். தொண்ணூறுகளின் நடுவில் மூன்று மிஷின்களை விற்றுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். டீச்சர் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள் என்பது காலனியில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுவேன்.

என்னிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புரியாததை என்னால் தப்பில்லாமல் அடிக்க முடியாது. ஆகவே எதை அடித்தாலும் கொஞ்சமாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன். அப்படித்தான் இஞ்சினீயரிங் கல்லூரியிலிருந்து ஒரு மராட்டிக்காரர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாக சுழியும் ஒன்றும். நடுவில் அங்கங்கே இங்கிலீஷ். “இதில் ஒரு சுழி தப்பினால் எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மேல் வரியைப் பாருங்கள், அதை ஒரு இடம் தள்ளினால் கீழ் வரி வரும், கடைசியில் இருப்பது சுற்றிக்கொண்டு முதலில் வந்து நிற்கும், ஒத்துப் பார்த்தால் பிழை தானாகப் பல்லைக் காட்டும் என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. கணக்கில் தோற்றவளுக்கு, தட்டச்சுக்காரியின் பக்கமாக ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது. பிறகு அவர் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பேன். சேதியை சுழியும் ஒன்றுமாக மாற்றுவது, அதனுடன் சில இலக்கங்களை விதிப்படி சேர்த்து அனுப்புவது, வழியில் இரண்டு மூன்று இலக்கம் கெட்டுப்போனாலும் அந்த விதியை வைத்தே கெட்டது எது என்று கண்டுபிடித்துத் திருத்துவது. இதுதான் பிழை திருத்தும் குறிமுறை. சேதியை எந்த வரிகளைக் கூட்டி நீட்ட வேண்டும் என்று சொல்கிற கட்டம் ஒன்று உண்டு. அவர் கட்டுரையில் இருந்ததெல்லாம் அந்தக் கட்டங்கள்.

அதில் கடைசி அத்தியாயம் ரகசியத்தைப் பற்றியது. திருத்தும் வழி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தைக் கலைத்து, அடையாளம் தெரியாமல் ஆக்கி, ஊருக்கே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சேதி அனுப்புகிறவர் அந்தக் கலைத்த கட்டத்தால் சேதியை நீட்டி, வேண்டுமென்றே சில இலக்கங்களைக் கெடுத்து அனுப்புவார். நடுவில் பிடித்துப் பார்ப்பவனுக்கு எது சேதி, எது பிழை என்று பிரிக்கத் தெரியாது. உள்ளே இருக்கிற ஒழுங்கு தெரிந்த உங்களுக்குத்தான் பிழையைத் துடைக்க வரும். பூட்டு எல்லோர் கையிலும், சாவி ஒருவர் கையில். வேண்டுமென்றே செய்த தப்பு ஒரு காவலாக நிற்கிறது என்பது என்னை என்னவோ செய்தது. வாழ்நாள் முழுக்கத் தப்பைத் துரத்தியே பிழைத்தவள் அல்லவா.

ஒரே ஒரு தொல்லை, கட்டம் மிகப் பெரியது. அதற்குத்தான் ஒழுங்குள்ள கட்டம். ஒரு வரி தெரிந்தால் போதும், மற்றவை அதைத் தள்ளித் தள்ளி வரும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்த ஒழுங்கு பூட்டைச் சிறிதாக்கும், ஆனால் அதே ஒழுங்கு எதிராளிக்கும் வழிகாட்டக்கூடும், இதை மேலும் ஆராய வேண்டும் என்று. அந்த வாக்கியத்தை நான்தான் டைப் அடித்தேன்.

அவர் கட்டுரையை முடித்து வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுப்போன ஜெராக்ஸ் கட்டுகளை வைத்துக்கொண்டு நானே ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டேன். பூட்டுவேன், திறப்பேன். பூட்டி வைக்க என்னிடம் ரகசியம் ஒன்றும் இல்லை. உப்பு, புளி, மிளகாய் என்று மளிகைச் சீட்டைப் பூட்டித் திறந்து பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் ஃபிட்டர் தம்பி கடைக்கு வந்தான். எங்கள் காலனிப் பிள்ளைதான், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தான். அங்கே யூனியன் சேர்க்கிறார்கள். பதிவுக்கு மனு போகும்வரை யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் அத்தனை பேருக்கும் மறுநாள் கேட் மூடிவிடும். முதல் தடவை பெயர்ச் சீட்டை டப்பாவுக்குள் சப்பாத்திக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய் கேட் சோதனையில் மாட்டி, ஒன்பது பேர் வேலை போய் வெளியே வந்திருந்தார்கள்.

“காயிதமே வேணாம் யக்கா. கேட்டுக்கு எதுர்ல கம்ப்யூட்டர் கடை ஒண்ணு வந்துகீது. அங்கருந்து கேம்ப் ஏரியால எங்க யூனியன் வக்கீல் அம்மாவுக்கு மெயில் அனுப்பலாம். ஆனா அங்க கம்பெனி ஆளுங்களும் வரானுங்க. நீ என்னமோ பூட்டு செய்வியாமே?”

“மளிகைச் சீட்டுக்குச் செய்வேன்.”

“எங்க சீட்டுலயும் மொளகா தான் யக்கா. எல்லாம் காரமான பசங்க.”

எனக்குத் தலை கால் புரியவில்லை. என் பொருளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. வக்கீல் அம்மாவிடம் இருந்த ஜூனியர் பெண், நெட்டிலேயே இலவசமாக நல்ல பூட்டு கிடைக்கிறதே, உலகமே அதைத்தானே உபயோகிக்கிறது என்று தன்மையாகத்தான் சொன்னாள். “கடையில் வாங்கிய ஊறுகாய்க்கும் வீட்டு ஊறுகாய்க்கும் வித்தியாசம் இல்லையா” என்று நான் அவள் வாயை அடைத்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தப் பழமொழியை எத்தனையோ பேரைப் பார்த்து நான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒழுங்கில்லாத பெரிய கட்டத்தைத்தான் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் இரண்டு ஃப்ளாப்பி செத்தது. விசாரித்தால், இரும்புத் தூள் பொறுக்குகிற காந்தத் துண்டை அதே சட்டைப் பையில் போட்டிருக்கிறான். பிரிண்ட் எடுத்துக் காட்டினேன், கல்யாண ஆல்பம் கனத்துக்கு வந்தது.

“இத்த எட்த்துக்கினு போனா, வாட்ச்மேன் இன்னா சாஹேப், பழைய பேப்பர் ரத்தி கடைக்கானு கேப்பான். எதுனா சின்னதா குடு யக்கா.”

அப்போதுதான் ஒழுங்குள்ள கட்டத்துக்குப் போனேன். உங்கள் ஷிஃப்ட் போர்டு மாதிரிதான், முதல் வரி தெரிந்தால் மீதி வாரமெல்லாம் தெரிந்துவிடும் என்று அவனுக்கு விளக்கினேன். ப்ரோக்ராமை அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டின் பெயரில் ஏற்றிவைத்தோம். அவன் அடிக்கிற பெயர்கள் எங்கும் பதியாது, பூட்டினது மட்டும்தான் தங்கும். பூட்டு மொத்தமும் ஒரு அஞ்சலட்டையில் அடங்கியது. அதைப் பார்த்து அவன் அடிப்பான், திறக்கிற சாவி வக்கீல் அம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்தது.

இங்கே ஒரு காரியம் செய்தேன். இதைத் தட்டச்சுக்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ரகசிய வரியில் ஒன்றுகள் எங்கெங்கே விழ வேண்டும் என்பதைக் குருட்டாம்போக்கில் போட வேண்டும். சோழி உருட்டுவது போல. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. குருட்டாம்போக்கில் போட்டதை எப்படிச் சரிபார்ப்பது? ஆகவே மிஷினில் பட்டியல் அடிக்கும்போது பத்திகள் நேராக நிற்க டேப் வைப்போமே, பத்தாம் இடம், இருபத்திரண்டு, முப்பத்துநான்கு என்று, என் விரலுக்குப் பழகிய அந்த இடங்களிலேயே ஒன்றுகளை வைத்தேன். தப்பு வந்தால் உடனே தெரியும் என்று பெருமை வேறு. எனக்கு உடனே தெரிவது இன்னொருவனுக்கும் உடனே தெரியும் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் ஓடியது. முப்பத்தைந்து பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் நடுவில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அனுப்பினது அனுப்பினதாக இருக்கட்டும் என்று அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை கேட்டில் சோதனை போட்டு அஞ்சலட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். தம்பி சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். “வெச்சிக்கட்டும் யக்கா. பூட்டத்தானே முடியும், தொறக்க முடியாதுன்னு நீ சொன்னியே.” நானும் சிரித்தேன். வேறு அட்டை அடித்துத் தருவதாகச் சொன்னேன்.

அதே வாரம் அந்தத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்த ஸ்டோர்க்காரர் யூனியனில் சேர்ந்தார். அவரும் எங்கள் காலனிதான், தம்பியைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன். அதிகம் பேசாத மனுஷர். அவர் பயந்து பயந்து வந்ததால், அவருக்குத் தைரியம் வரட்டும் என்று தம்பி மற்றவர்களின் பெயரையெல்லாம் அவரிடம் சொன்னான். கையில் அட்டை இல்லாததால் அவர் பெயரை மெயிலில் அனுப்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேம்புக்குப் போய் வக்கீல் அம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஷிஃப்டுக்குப் போனவர்களைக் கேட்டில் நிறுத்தி, வாட்ச்மேன் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தார். பெயர் வந்தவர்களுக்கு உள்ளே வேலை இல்லை. முப்பத்தைந்து பெயர். ஸ்டோர்க்காரர் பெயர் மட்டும் வரவில்லை. அவர் உள்ளே போனார்.

தம்பி கடைக்கு வந்தபோது உட்காரக்கூட இல்லை.

“கடைசியா வந்து சேந்தான், மொத ஆளா காட்டிக் குட்த்துட்டான். கருங்காலி.”

“அவர்தான்னு எப்படிச் சொல்றே?”

“வேற யாரு? அவன் பேரு மட்டும் ஏன் இல்ல? நெருப்பில்லாம பொகையாது யக்கா. செத்தவனக்கூட வுடல தெரியுமா? அவன் பேரையும் கூப்ட்டான் வாட்ச்மேன். ரெண்டு தபா கூப்ட்டான். நாங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு நிக்கறோம்.”

“நீ ஸ்டோர் அண்ணனுக்குச் சொன்ன பேர்ல செத்தவர் பேரும் சொன்னியா?” என்று கேட்டேன்.

“செத்தவன் பேர எதுக்கு சொல்லணும்? தைரியம் குடுக்கவா?”

இவ்வளவுதான். அந்தத் தாளில் இறந்தவர் இருந்தார். ஸ்டோர்க்காரர் இல்லை. மெயிலில் போன பெயர்களும் அதேதான், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். பட்டியல் ஒரு மனுஷன் வாயிலிருந்து வரவில்லை, என் பூட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. அட்டை அவர்கள் கையில், பூட்டின சேதியெல்லாம் கேட்டுக்கு எதிர்க் கடையின் கம்ப்யூட்டரில். தம்பி அதைப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு எண்ணிப் பார்க்கத் தோன்றாது. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

நிச்சயம் செய்துகொள்ள உட்கார்ந்தேன். அட்டையின் நகலை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, சாவி தெரியாத மூன்றாம் மனுஷியாக என்னை நினைத்துக்கொண்டு என் பூட்டை நானே உடைக்கப் பார்த்தேன். பெரிய கட்டமாக இருந்தால் வாழ்நாள் போதாது. இதில் எல்லா வரியும் ஒரே வரியின் சுற்று. ஒன்றைப் பிடித்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அந்த ஒன்றையும் நான் சீரான இடைவெளியில் நட்டு வைத்திருந்தேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆனது. கணக்கில் தோற்றவளுக்கே ஒன்பது என்றால், படித்த இஞ்சினீயர் ஒருவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? யார் உடைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலியே பயிரை மேய்ந்த கதை. வேலி கட்டினவள் நான்.

நிச்சயமான பிறகும் சொல்லவில்லை.

ஸ்டோர்க்காரருடன் யாரும் பேசவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காலனிக் கோயிலில் காவடி எடுக்கிறவர்கள் அவரை வரிசையில் சேர்க்கவில்லை. வேலையிழந்தவர்களின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவர் பஸ்ஸுக்குப் போக வேண்டும், தாண்டும்போது யாராவது காறித் துப்புவார்கள். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்கிற ஊர் இது. அவரோ பால்கூடக் குடிக்கவில்லை, சும்மா நின்றிருந்தார். ஒரு வருஷத்தில் அவராகவே அந்த வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய பெரிய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. காலனி ஹாலை எடுத்து, நூறு பேருக்குச் சமைத்து, பந்திக்கு இலை போட்டுவிட்டார். ஆறு பேர் வந்தோம். நான், இரண்டு மராட்டிக் குடும்பங்கள், ஐயர். விரித்த இலைகள் ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தன. அவர் மனைவி ஒவ்வொரு வெற்று இலைக்கும் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டே போனாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராட்டிக்கார அம்மாளுக்கு, காலனி அவரைப் பற்றிப் பேசுவது தெரிந்திருந்தது. பாயசத்தைக் குடித்தபடியே, “சோராச்யா மனாத் சாந்தணே” என்றார். திருடன் மனசில் நிலா வெளிச்சம் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு இருட்டாக இருக்கிறது, திருடனுக்கு மட்டும் ஊரே வெளிச்சமாக, எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தெரியுமாம். “இவரைப் பாருங்கள், தலை நிமிர்ந்து நிற்கிறார். உண்மையில் செய்தவன் எவனோ, அவன் நிமிர முடியாது.” நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவ எழுந்தபோது ஸ்டோர்க்காரர் செம்பை நீட்டினார். “நீங்க ஒருத்தராவது வந்தீங்களே டீச்சர். பெரிய புண்ணியம்.”

அதற்குப் பிறகு எனக்கு அந்த வெளிச்சம் வந்துவிட்டது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பேன், வராத பிள்ளையின் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட நாக்கு எழாது. ஃபேன் காற்றில் தாள் படபடத்தால் எடையை எடுத்து வைத்துவிடுவேன். வகுப்புப் பிள்ளைகள் என்னைக் காகிதப் பைத்தியம் என்று சிரிப்பார்கள்.

ஏழு வருஷம் போனது. ஸ்டோர்க்காரர் மகர்பட்டாவில் ஒரு கட்டடத்தின் பராமரிப்பு ஸ்டோரில் சேர்ந்திருந்தார். ஒரு நாள் மகளின் பயோடேட்டா அடிக்க வந்தார். அந்த வருஷம் அதை அவர் அடிக்கச் சொன்னது மூன்றாம் முறை. நான் பழைய கோப்பைத் திறந்தேன்.

“ஏதாவது மாத்தணுமா அண்ணே?”

“எதை மாத்தறது டீச்சர். பொண்ணு பி.காம். முடிச்சிட்டா, அத்த சேருங்க. வர்ற எடமெல்லாம் நல்ல எடம்தான். காலனில வந்து விசாரிக்கிறாங்கோ. அவங்க விசாரிக்கிற ஆளு ஒருத்தர்தான். அவரு, அவன் எப்டினு ஊருக்கே தெரியும்னு சொல்லிட்றாரு. அவ்ளோதான்.”

“யாரு, ஃபிட்டர் தம்பியா?”

தலையை ஆட்டினார். “அவர நான் தப்பு சொல்ல மாட்டேன். அவரு வயிறு எரிஞ்சவரு.” பிறகு திரையைக் காட்டி, “அப்பா பேரு போட்டிருக்கே, அத்த எடுத்துட்டு மாமா பேரு போட்டா ஒத்துப்பாங்களா?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் இருந்தபடியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். கடையைப் பாதி மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தகப்பன் தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறான். என்னிடம் வந்து சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிட்டர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினேன். அப்போது அவன் ஒரு கேரேஜில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவர் பெயர், அட்டை, டேப் இடங்கள், ஒன்பது ஞாயிறு.

கேட்டுவிட்டு, “வுடு யக்கா. பொண்ணு கல்யாணத்துக்கு நீ எரக்கப்பட்டு இட்டுக்கட்றே” என்றான்.

“செத்தவர் பேரை அவருக்கு நீ சொல்லலைன்னு நீயே சொன்னே.”

“சொன்னேனோ என்னமோ. ஏழு வருசம் ஆச்சி. உன் சுழியும் ஒண்ணும் எனக்குப் புரியாது. அவன எனக்குப் புரியும்.”

“அப்ப நீயே பூட்டு. நான் வெளியே நிக்கிறேன். ஏதாவது ஒரு வார்த்தையை அடிச்சிப் பூட்டு. சாவியைத் தொடாம திறக்கிறேன்.”

பழைய ப்ரோக்ராம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அட்டையைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட்டபோது உள்ளே போனேன். திரையில் சுழியும் ஒன்றுமாக ஒரு நீளக் கோடு. அட்டையையும் அந்தக் கோட்டையும் மட்டும் கொடுத்து, நான் எழுதிவைத்திருந்த உடைக்கிற ப்ரோக்ராமை ஓட்டினேன். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் எழுத்துகள் வந்தன. இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். நான் வாய்விட்டுப் படித்தேன்.

“கருங்காலி.”

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கே தெரியுமா உனுக்கு?”

“அன்னைக்கே சந்தேகம். ரெண்டு மாசத்தில் நிச்சயம்.”

“நாங்க அவன் வூட்டு வாசல்ல துப்புனப்போ?”

“தெரியும்.”

“உன்னிய இந்த வார்த்த சொல்ல வாய் வரல யக்கா” என்றான். “அவன சொல்ல மட்டும் எப்டி வந்துச்சி?”

எழுந்து போய்விட்டான். டீ அப்படியே இருந்தது.

அன்று மாலையே நான் மகர்பட்டாவுக்குப் போனேன். கட்டடத்தின் பின்புறம் ஸ்டோருக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். சொல்லி முடித்தேன். சொல்கிறவளுக்குத்தான் அது பெரிய மலை, கேட்கிறவருக்கு நாலு நிமிஷம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, ஏழு வருஷம் ஆறின உண்மைக்கு என்ன ருசி இருக்கும். அவர் கையில் ஒரு குழாய் மூடி இருந்தது, அதைத் திருகிக்கொண்டே இருந்தார். மன்னிப்பு பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

“மஞ்ச நீராட்டுக்கு வந்தீங்களே, அப்பவும் தெரியுமா டீச்சர்?”

“தெரியும் அண்ணே.”

“வராம இருந்திருக்கலாம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை.

அப்புறம் ஒரு ஸ்டோர்க்காரருக்கே உரிய ஒழுங்குடன் சொன்னார். “வாயால சொன்னா காத்துல போய்டும். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது. டைப் பண்ணுங்க. கையெழுத்துப் போட்டு எல்லார் வீட்லயும் நீங்களே குடுங்க. தமிழ்ல மட்டும் வேணாம். பாதி வீட்ல படிக்க ஆள் இல்ல. ஹிந்திலயும் அடிங்க.”

ஒரு பக்கம்தான். அடிக்க மூன்று நாள் ஆனது. விரல் எத்தனையோ பேரின் மனுவை அடித்திருக்கிறது, என் பெயரை இந்த இடத்தில் அடித்ததில்லை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஹிந்தி. பட்டியல் என் பூட்டு உடைந்ததால்தான் வெளியே போனது, அது எனக்கு அன்றே தெரியும், ஸ்டோர்க்காரர் குற்றமற்றவர் என்று.

ஃபிட்டர் தம்பி வேலையிழந்தவர்களின் விலாசங்களை எழுதிக் கொடுத்தான். பேசவில்லை, எழுதிக் கொடுத்தான். தன் பங்குக்கு, பெண்ணை மறுத்துப்போன மாப்பிள்ளை வீட்டுக்கு அவனே போய்ச் சொல்லிவிட்டும் வந்தான். அவர்கள் அதற்குள் வேறு இடத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள்.

பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தேன். சிலர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர், “இப்ப சொல்லி இன்னா புண்ணியம் டீச்சர், என் வேல வருமா?” என்றார். ஒருவர் என் எதிரிலேயே நாலாகக் கிழித்தார். ஒருவர் மட்டும் அன்றைக்கே ஸ்டோர்க்காரர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். சொந்த ஊருக்குப் போய்விட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். இரண்டு திரும்பி வந்தன.

கடைசி விலாசம் ரஞ்சன்காவிலேயே, தொழிற்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும். அவர் வீட்டுக்காரர் பட்டியலில் பதினேழாவது பெயர். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார், மாலை போட்ட படம் சுவரில் இருந்தது. எனக்கு அது தெரியாது. காகிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று நிற்கும்போதே அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது. மருமகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து வராது, திருப்பி ஹிந்திப் பக்கத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கிற்று, நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“சோத்துல கை வெக்கறப்ப எல்லாம் அந்த ஸ்டோர்க்காரனத் திட்டிட்டுத்தான் மொத வாய் எடுப்பாரு. அப்ப எங்கூட்டுக்காரு சாவற வரைக்கும் தப்பான ஆளையா திட்டிக்கினு இருந்தாரு?”

“ஆமாம்மா” என்றேன்.

அவர் காகிதத்தை மடித்து மருமகள் கையில் கொடுத்தார். பிறகு என்னை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.